நீச்சல், சைக்கிள், ஓட்டம் - நடுவே ஓர் எலும்பு

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நாளைக்கு முன்னால் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, வருஷா வருஷம் பேசறவங்க எல்லாம் தொழில் முன்னேற்றம், வெளிநாட்டு அனுபவம்னு பேசிட்டாங்க. நீ கோவாவுல கடல்ல குதிச்சியாமே, அதப் பத்திப் பேசு" என்றார். "அண்ணே, அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லையே" என்றேன். "பெருமை இல்லேன்னா இன்னும் நல்லது, இருபது நிமிஷத்துல முடிச்சிருவே" என்று சொல்லிவிட்டார். ஆகவே சுருக்கமாகவே பேச முயல்கிறேன். முடியாவிட்டால் மணி அடிக்கலாம். நம் கல்லூரியில் மணிக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்கள்தானே நாமெல்லாம்!

நான் பேசப்போவது டிரையத்லான் என்ற போட்டியைப் பற்றி. முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். நடுவில் உடை மாற்றும் நேரத்தையும் கடிகாரம் விடாது, சேர்த்தே எண்ணும். தமிழில் முப்போட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். என் அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "ஏலே, பஸ்ஸு வசதியெல்லாம் வந்த பொறவு ஏம்ல இப்படிப் பாடுபடுதே?" என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இதன் சரித்திரம் சுவையானது. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் 46 பேர் கூடி இப்படி ஒரு போட்டியை நடத்தினார்கள். அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி. பிறகு அவர் ஹவாய்த் தீவுகளுக்குப் போனார். அங்கே நீச்சல்காரன் பெரியவனா, ஓட்டக்காரன் பெரியவனா, சைக்கிள்காரன் பெரியவனா என்று ஒரு வாக்குவாதம். நம் ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடக்குமே, அந்த மாதிரிதான். காலின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கோத்து, "எல்லாத்தையும் ஒரே நாளில் செய்யறவனை இரும்பு மனிதன்னு கூப்பிடுவோம்" என்று வாக்குவாதத்தை முடித்துவைத்தார்.

1978 பிப்ரவரி 18 அன்று அந்த முதல் அயர்ன்மேன் போட்டி நடந்தது. சுமார் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்த நண்பர்கள் கையிலிருந்த பீரைக் கொடுத்தார்களாம். போதுமான தயாரிப்பில்லாமல் இறங்குவது என்பது இந்தப் போட்டியோடு கூடவே பிறந்த வழக்கம் என்று தெரிகிறது.

இன்னொரு கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கலிபோர்னியா மாணவி அதே போட்டிக்குப் போனார். உடற்பயிற்சி இயல் பட்டப்படிப்புக்கு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், அதற்காகப் போட்டியில் தானே கலந்துகொண்டார். நம் பாஷையில் சொன்னால் பிராஜெக்ட் வொர்க்! பெரிய பயிற்சி கிடையாது. ஆனாலும் கடைசிவரை பெண்களில் முதலாவதாக ஓடி வந்தார். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். கடைசி சில கெஜ தூரத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் வென்றார். ஜூலி கையாலும் முழங்காலாலும் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்த பிறகுதான் இந்தப் போட்டியை உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மனதில் ஒரு பாடம் பதிந்துவிடும்: "என்ன ஆனாலும் நிறுத்தாதே." அந்தப் பாடத்தைப் பற்றித்தான் நான் இன்று பேச வேண்டும்.

இந்தியாவில் இதன் பாதித் தூரப் போட்டி 2019 அக்டோபரில் கோவாவின் பணஜி நகரில் முதன்முதலாக நடந்தது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும். அதனால் பெயரே 70.3. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2024 அக்டோபர் 27-ஆம் தேதி நடக்கவிருந்த போட்டிக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன்.

ஜூலை மாதம் வலது காலில் வலி வந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், உள்பக்க எலும்பில், ஒரே இடத்தில். முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது. பிறகு ஓடும்போதே வலித்தது. பிறகு மாடிப்படி இறங்கினாலே வலித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் சந்தோஷப்படவில்லை. "தம்பி, ஃபோட்டோ சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நீங்க ஒரு விரலை வச்சு இங்கதான்னு காட்டுறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். எலும்பில் மயிரிழை விரிசல்.

நண்பர்களே, இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்முடைய லேப். ஃபடீக் டெஸ்டிங் மெஷின் ஒன்று மூலையில் சுற்றிக்கொண்டே இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு எஃகுத் துண்டை மாட்டி, எடையைத் தொங்கவிட்டு, சுற்ற விட்டுவிட்டு நாம் டீ குடிக்கப் போய்விடுவோம். ஒரே தடவையில் அதை உடைக்க வேண்டுமானால் எவ்வளவோ பாரம் வேண்டும். ஆனால் அதைவிட மிகக் குறைந்த பாரத்திலேயே, லட்சக்கணக்கான சுற்றுக்குப் பிறகு, 'டக்'கென்று உடைந்து விழும். உடைவதற்கு முந்தைய நிமிஷம் பார்த்தால்கூட வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. பாரம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும்.

ஓட்டமும் அப்படித்தான். ஓடும்போது ஒவ்வொரு தடவை கால் தரையில் பதியும்போதும் நம் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. என்னைப்போல் மெதுவாக ஓடுகிறவனுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,200 அடி. அதாவது ஒரு காலுக்கு 600. 21 கிலோமீட்டருக்கு வலது கால் மட்டும் பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் தரையில் பதிய வேண்டும்.

ஆனால் எஃகுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம். எஃகு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. எலும்பு செய்துகொள்ளும். அது செய்கிற முறைதான் விசேஷம். புதிதாகப் பாரம் ஏறினால், எலும்பு முதலில் பழைய பகுதியைச் சுரண்டி எடுக்கிறது. இதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. கட்டி இறுகுவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. நம் ஊரில் ரோடு போடுகிற மாதிரிதான்: பழைய ரோட்டைக் கொத்திப் போட்டுவிட்டுப் போவார்கள், ஜல்லி பிறகு வரும், தார் அதற்கும் பிறகு வரும். நடுவில் உள்ள நாட்களில் வண்டி ஓட்டுகிறவன் பாடுதான் திண்டாட்டம். பாரம் விடாமல் ஏறிக்கொண்டே போனால், கொத்துகிற வேலை கட்டுகிற வேலையை முந்திக்கொள்ளும். அங்கேதான் விரிசல் விழுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதயமும் நுரையீரலும் வெகு சீக்கிரம் பழகிக்கொள்ளும். நீச்சலடித்தாலும் சரி, சைக்கிள் மிதித்தாலும் சரி, இதயத்துக்கு எல்லாம் ஒன்றுதான். எலும்புக்கு அப்படியில்லை. தண்ணீரில் உடல் மிதக்கிறது. சைக்கிளில் சீட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எலும்பு பலப்படுவதற்கான அடி அங்கே விழுவதில்லை. ஆகவே, ஓட முடியாமல் நீச்சலும் சைக்கிளும் மட்டும் பழகியவனுக்கு மூச்சு தயாராக இருக்கும், கால் தயாராக இருக்காது. "ஓடு, ஓடு, என்னால் முடியும்" என்று மூச்சு சொல்லும். எலும்பு வாயில்லாப் பூச்சி, ஒன்றும் சொல்லாது.

டாக்டர் ஆறு வாரம் ஓட்டத்துக்குத் தடை போட்டார். செப்டம்பரில் நடையும் ஓட்டமுமாக ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை. அக்டோபர் நடுவில் என்னால் வலியில்லாமல் ஓட முடிந்தது, எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஐந்து கிலோமீட்டர். போட்டிக்கு வேண்டியது 21.

சைக்கிள் பயிற்சியும் முழுசாக நடக்கவில்லை. நான் வேலை பார்ப்பது காற்றாலைகளில். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர்வரை காற்று அடிக்கும்போதுதான் முப்பந்தலில் எங்களுக்கு அறுவடை. மற்றவர்களுக்கு ஆடித் தள்ளுபடி, எங்களுக்கு ஆடி ஓவர்டைம். கிடைத்த காலை நேரங்களில் நாங்குநேரிப் பக்கம் நாலுவழிச் சாலையில் மிதித்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் பார்த்தால் அந்தப் பழமொழியை உண்டாக்கியவர்மேல் மரியாதை வரும். நீச்சல் மட்டும் ஒழுங்காக நடந்தது. பாளையங்கோட்டையில் குளம், ஞாயிற்றுக்கிழமைகளில் தாமிரபரணி. கால்களுக்கு நடுவே மிதவைக் கட்டையை இடுக்கிக்கொண்டு கையால் மட்டும் நீந்தினேன்.

"இந்த நிலைமையில் எதுக்குய்யா போனே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விரிசல் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் என் மனசு அந்தக் காலை நம்பவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூட இடது காலைத்தான் முதலில் வைப்பேன். 36 வயதில் ஒரு மனிதன் தன் காலையே சந்தேகப்படுவது ரொம்பக் கொடுமை. மூன்று மாதம் அந்தக் காலுக்குச் சேவகம் செய்தாயிற்று, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம்.

டாக்டரிடம் கேட்டேன். அவர் "போங்க" என்றும் சொல்லவில்லை, "போகாதீங்க" என்றும் சொல்லவில்லை. "ஓட்டம் எவ்வளவு பழகியிருக்கீங்க?" என்றார். "அஞ்சு கிலோமீட்டர் சார்." "அப்போ அங்கயும் அஞ்சுதான். மீதி நடை. கால் முழுக்க வலிச்சா அது சதை, பரவாயில்ல. ஒரு விரல் வைக்கிற இடத்துல வலிச்சா ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தணும். இதை இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஏன்னா அங்க போனப்புறம் உங்க மூளை உங்க பேச்சைக் கேக்காது" என்றார். எழுதினேன். வீட்டில் அதைப் படித்துப் பார்த்த என் மனைவி, "மெடலோட வாங்கன்னு நான் சொல்லல, ரெண்டு காலோட வாங்க" என்று கீழே ஒரு கையெழுத்துப் போட்டாள். ஆக, இரண்டு கையெழுத்து உள்ள ஒப்பந்தம்!

இன்ஜினீயர் இல்லையா, உட்கார்ந்து பட்ஜெட் போட்டேன். நடந்தால் காலில் ஏறும் விசை உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஓட்டத்தில் பாதிக்கும் குறைவு. ஆகவே முடிந்தவரை நடந்தே முடிப்பது என்று திட்டம். வேகமாக நடந்தால் கிலோமீட்டருக்கு 10 நிமிடம். 21.1 கிலோமீட்டருக்கு 211 நிமிடம். மொத்தம் இருப்பது 510 நிமிடம். மீதி 299 நிமிடத்துக்குள் நீச்சல், சைக்கிள், உடை மாற்றம் எல்லாம் முடிந்துவிட்டால் ஒரு அடிகூட ஓட வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் கையிருப்பாக இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும் என்று வைத்துக்கொண்டேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தில் ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்று நிமிடம் மிச்சம். ஐந்துக்குப் பதினைந்து நிமிடம். எல்லாம் பேப்பரில் அழகாக உட்கார்ந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு. பணஜியில் மாண்டவி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மிராமார் கடற்கரை. நம் நெல்லைப் பக்கத்து ஆற்று நீச்சல்காரனுக்குக் கடல் புதிதுதான். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் தாமிரபரணியின் அருமை தெரியும். ஆனால் நீச்சல் குறை வைக்கவில்லை. 58 நிமிடத்தில் கரையேறினேன். உடை மாற்ற 9 நிமிடம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கால் நன்றாக இருந்தது. மூச்சு அதைவிட நன்றாக இருந்தது.

அறுபதாவது கிலோமீட்டர் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். டியூபைக் கழற்றி, மாற்றி, காற்றடித்து, மறுபடி ஏறுவதற்குள் 13 நிமிடம் போய்விட்டது. சைக்கிள் பகுதி மொத்தம் 3 மணி 57 நிமிடம். ஷூ மாற்ற இன்னும் 8 நிமிடம். ஓட்டம் ஆரம்பிக்கும்போது கடிகாரத்தில் 5 மணி 12 நிமிடம். மீதி 198 நிமிடம். முழு நடைக்கு வேண்டிய 211-க்குச் சரியாக அந்தப் பஞ்சரின் 13 நிமிடம் குறைவு. கையிருப்பை எடுக்க வேண்டியதாயிற்று. ஐந்து கிலோமீட்டரையும் ஓடினால் 15 நிமிடம் மிச்சமாகும்; இரண்டு நிமிடம் கூடுதலாகவே இருக்கும். "சரி, கணக்கு ஒத்துவருது" என்று புறப்பட்டேன்.

கணக்கில் நான் போட்டது வேக நடை. ஆனால் கோவாவில் மதிய வெயில். தண்ணீர் கொடுக்கும் இடங்களில் நின்று தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நடை கிலோமீட்டருக்கு 10 நிமிடத்திலிருந்து பத்தரை நிமிடமாக இறங்கியது. அரை நிமிடம்தானே என்று தோன்றும். பன்னிரண்டு கிலோமீட்டரில் அது ஆறு நிமிடம்!

பதினேழாவது கிலோமீட்டர் பலகையை நான் தொட்டபோது நிலைமை இதுதான். ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும் செலவாகிவிட்டது. கையில் 37 நிமிடம். மீதித் தூரம் 4.1 கிலோமீட்டர். அதே நடையில் போனால் 43 நிமிடம் ஆகும். ஆறு நிமிடம் இடிக்கிறது. மனசு உடனே கணக்குப் போட்டது. ஒன்றே முக்கால் கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் போதும், மெடல் கழுத்தில். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் என்றால் வலது காலுக்குச் சுமார் ஆயிரம் அடி. ஆயிரமே ஆயிரம்!

மூச்சு தயாராக இருந்தது. அதுதான் கஷ்டமே. நான் களைத்து விழுந்திருந்தால் தீர்மானம் சுலபம். களைப்பே இல்லை. சாலையோரம் நின்று குனிந்து, ஜூலையில் டாக்டருக்குக் காட்டிய அதே இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வலி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொன்னது. மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது.

அப்போது என் மனதில் வந்தவர் ஜூலி மாஸ். அந்த அம்மாள் தவழ்ந்தல்லவா போனார்! நீ ரெண்டு காலில் நிற்கிறாய், ஓடக்கூடாதா? பக்கத்தில் ஓடியவர்களும் அதையே சொன்னார்கள். "கம் ஆன், பாஸ், முடிச்சிரலாம்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார் ஒருவர். நல்ல மனுஷன்.

ஆனால் நண்பர்களே, ஜூலிக்கு வந்தது களைப்பு. எரிபொருள் தீர்ந்துபோன வண்டி. அதுவும் ஆபத்தில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மீண்டு வருகிற விஷயம் அது. எனக்கு இருந்தது விரிசல். களைப்பிலிருந்து கடன் வாங்கலாம், வட்டியோடு உடம்பு வசூலித்துக்கொள்ளும், கணக்கு முடிந்துவிடும். விரிசலிடம் கடன் வாங்கினால் ஜப்தி நோட்டீஸ்தான் வரும். மயிரிழை முழு முறிவாகிவிட்டால் மூன்று மாதம் என்பது ஆறு மாதமோ, ஒரு வருஷமோ, யாருக்குத் தெரியும்? இரண்டையும் "வலி" என்ற ஒரே சொல்லால் நாம் கூப்பிடுகிறோம். அதனால் இரண்டுக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் அலிஸ்டர் பிரௌன்லீ. 2012 ஜனவரியில் அவருக்குக் குதிகால் நரம்பு பாதி கிழிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். "பார்த்தாயா, காயத்தோடு ஓடி ஜெயித்தார்" என்று சொல்வார்கள். நடந்தது அதுவல்ல. தரையில் ஓட முடியாத வாரங்களில் அவர் தண்ணீருக்குள் மிதந்தபடியே ஓடிப் பழகினார். நரம்பு ஆறும்வரை நரம்புக்கு நேரம் கொடுத்தார். ஜூனில் வேறொரு போட்டியில் ஓடிச் சரிபார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் லண்டன். உலகத்திலேயே கெட்டிக்காரரான ஆட்டக்காரரே திசுவின் நேரத்தைச் சுருக்க முடியவில்லை. கோவாவில் நான் எந்த மூலைக்கு?

ஆகவே நடந்தேன். கடைசி 4 கிலோமீட்டரும் நடந்தேன். என்னைத் தாண்டி ஓடியவர்களுக்கெல்லாம் கை தட்டினேன். 8 மணி 30 நிமிடத்துக்கு அங்கே அறிவிப்புச் சத்தம் கேட்டபோது எனக்கு இன்னும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. 8 மணி 36 நிமிடத்துக்கு வளைவைக் கடந்தேன். தொண்டர் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் கொடுத்து, "சாரி சார், மெடல்..." என்று இழுத்தான். "பரவாயில்லப்பா, பழம் போதும்" என்றேன். முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே முடிக்காதவன் என்று இருக்கிறது. ரெண்டு கையெழுத்து ஒப்பந்தத்தில் மட்டும் நான் பாஸ்.

ராத்திரி நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பெரிய பட்டிமன்றம். பாதிப் பேர் சபாஷ் என்றார்கள். மீதிப் பேர், "அடப்பாவி, ஒண்ணே முக்கால் கிலோமீட்டர்தானேடா, ஓடியிருக்கலாமே" என்றார்கள். அந்த மீதிப் பேரில் நாலு பேர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

முப்பந்தலில் நாங்கள் பராமரிக்கிற காற்றாலைகள் காற்று குறைவாக இருந்தால் ஓடாது. காற்று ஏற ஏற மின்சாரமும் ஏறும். ஆனால் வழக்கமாகக் காற்று விநாடிக்கு 25 மீட்டரைத் தொட்டால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், காற்றாலை என்ன செய்யும் தெரியுமா? இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு தானாகவே நின்றுவிடும். காற்று உச்சத்தில் இருக்கும்போது நிற்கும்! பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: "இவ்வளவு காத்தடிக்குது, சும்மா நிக்குதே?" அது சோம்பேறித்தனம் அல்ல. அந்தக் காற்றாலை இருபது வருஷத்தில் பத்துக் கோடிச் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியது. ஒருநாள் மின்சாரத்துக்காக அத்தனை சுற்றையும் பணயம் வைக்கக்கூடாது என்று வடிவமைத்தவர் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார். காற்று அடிக்கும்போது உட்கார்ந்து யோசித்தால் தாமதமாகிவிடும். அமைதியாக இருக்கும்போதே அந்த எண்ணை நிர்ணயித்துவிட வேண்டும்.

என் எண் ஐந்து கிலோமீட்டர். அது வலி வரும் முன்பே, வெயில் ஏறும் முன்பே, மெடல் கண்ணில் படும் முன்பே, ஒரு டாக்டரின் மேஜையில் எழுதப்பட்டது. பதினேழாவது கிலோமீட்டரில் எனக்குத் தைரியம் ஒன்றும் தேவைப்படவில்லை. எழுதினதைப் படித்துப் பார்க்கிற புத்தி மட்டும் தேவைப்பட்டது.

ஊர் திரும்பியதும் டாக்டர் அழுத்திப் பார்த்தார். "லேசா முறைச்சுக்கிட்டு இருக்கு, ரெண்டு வாரம் ஓட்டத்தை விடுங்க" என்றார். விட்டேன். 2025 ஜனவரியில் ஒருநாள் காலை, வண்ணார்பேட்டைப் பக்கம், வலியில்லாமல் 10 கிலோமீட்டர் ஓடினேன். கை தட்ட ஆள் இல்லை. டீக்கடைக்காரர் மட்டும், "என்ன சார், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வலது காலை முதலில் வைத்து இறங்கினேன்.

இந்தக் கூட்டத்தில் முப்பதையும் நாற்பதையும் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பலர் சமீபத்தில் ஓட ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு என் சிறிய விண்ணப்பங்கள் மூன்று. ஒன்று, மூச்சு நன்றாக இருக்கிறது என்பதை வைத்துக் கால் தயார் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு, ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடிகிற வலி வந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், விடாமல் டாக்டரைக் கேளுங்கள். மூன்று, தயார் குறைவாக இருக்கும்போதும் போட்டிக்குப் போகலாம், தப்பில்லை; ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தை வீட்டிலேயே எழுதிவிட்டுப் போங்கள். கீழே வீட்டில் உள்ளவர்கள் கையெழுத்தும் இருக்கட்டும். அந்தக் கையெழுத்துக்குப் பலம் அதிகம்.

முன்வரிசை நண்பர்களே, உங்கள் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை ஹாஸ்டல் மைதானத்தில் நாலு பேரும் வாருங்கள், சேர்ந்தே ஓடி முடித்துவிடுவோம். டீ செலவு என்னுடையது.